ஆவுளியாவின் மூக்கு

அந்த ஆவுளியாவைக் கொன்றது பிலிப்பு அண்ணன் இல்லை. நான்தான்.

இதோ, சொல்லிவிட்டேன்! எவ்வளவு எளிதாக வந்துவிட்டது பார்த்தீர்களா? சொல்ல வேண்டிய இடங்களில் எல்லாம் இந்த ஒரு வரியை விழுங்கிக்கொண்டு நின்றேன். அவரைப் பிடித்துக்கொண்டு போனபோது நான் சொல்லவில்லை. வழக்கு நடந்தபோது சொல்லவில்லை. சிலையைத் திறந்துவைத்து எனக்குப் பொன்னாடை போர்த்திய அன்றும் சொல்லவில்லை. இப்போது, முகம் தெரியாத உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் என்னை ஒன்றும் செய்துவிட மாட்டீர்கள் என்ற துணிச்சல்தான்... வேறென்ன!

நீங்கள் அந்தச் சிலையைப் பார்த்தும் இருக்கலாம். எங்கள் கரையோரத்தில் புதிதாகக் கட்டிய ஒரு பொது நூலகம். எந்த ஊர் என்று கேட்காதீர்கள். அதன் வாசலில், கடலிலிருந்து இப்போதுதான் ஏறி வந்து படுத்ததுபோல, சீமெந்தில் ஒரு கடற்பசு. எங்கள் பக்கத்து மீனவர்கள் அதை ஆவுளியா என்பார்கள். பிள்ளைகள் அதன் முதுகில் ஏறிச் சறுக்குவார்கள். சுற்றுலா வருகிறவர்கள் அதன் முகத்தோடு முகம் வைத்துப் படம் எடுப்பார்கள். நீங்களும் எடுத்திருந்தால் அந்தப் படத்தைத் தேடி எடுத்து மூக்கைப் பாருங்கள். இரண்டு துவாரங்களும் இறுக மூடியிருக்கும். போன மாதம் வரை அப்படித்தான் இருந்தன.

நான் புத்தளத்துக் கரைத்தீவில் இருக்கும் ஒரு மேசன், கொத்து வேலைக்காரன். சிற்பி என்று சொல்லாதீர்கள், கூசுகிறது. தூண் தலைப்புகள், மதில் பூக்கள், பள்ளிவாசல் வளைவுகள்... இவைதான் என் வேலை. போர்க்காலத்தில் முஸ்லிம்களான எங்களை மன்னாரை விட்டு விரட்டியபோது நான் உம்மாவின் இடுப்பில் இருந்தேனாம். அந்த ஊர் எனக்குத் துளியும் ஞாபகம் இல்லை. புத்தளத்தில் வளர்ந்தேன், புத்தளத்தில் கலியாணம் முடித்தேன், என் பிள்ளைகள் புத்தளத்தில் பிறந்தார்கள். இருந்தும் நான் யார்?

'அகதி மேசன்.'

"அந்த அகதி மேசனக் கூப்பிடுங்க, அவன் தூண் வேலைக்கு நல்ல கை." பாராட்டுகிறபோதும் அந்தச் சொல் முதலில் வந்து நின்றுகொள்ளும். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. அதனால் கோபிக்கவும் வழியில்லை. ஆனால் எனக்கு வலித்தது! இந்த மண்ணில் நான் செய்த ஏதோ ஒன்று என் பெயர் சொல்லி நிற்க வேண்டும், அந்தச் சொல் கழன்று விழ வேண்டும் என்று உள்ளுக்குள் ஒரு வெறி இருந்தது.

அந்த நேரத்தில்தான் நூலகம் கட்டிய இஞ்சினியர், மேசன்மாரை இங்கே எல்லாரும் கூப்பிடுவதுபோல 'பாஸ்' என்று கூப்பிட்டுக் கேட்டார். "பாஸ், வாசல்ல ஒரு கடற்பசு வைக்கணும். உங்களுக்கு உருவம் செய்யத் தெரியுமா?"

அவர் கேட்டு முடிக்க முன்னரே "ஓம்" என்றேன். அதுவரை ஒரு குருவியைக்கூட நான் செய்ததில்லை.

வீட்டில் பரீதா, என் மனைவி, இதைக் கேட்டு அகப்பையோடு வந்து நின்றாள். "உசிருள்ளதுட உருவம் செய்யக்கூடாது எண்டு தெரியாதா உங்களுக்கு? நாளைக்கு மறுமையில செஞ்சவனையே கூப்பிட்டு, இதுக்கு உசிர் ஊது எண்டு செல்லுவாங்களாம். அப்ப என்ன செய்வீங்க?"

"ஊதிட்டுப் போறன் புள்ள. மூக்குப் பெருத்த சாமான்தானே, ஊத லேசு."

"அல்லாவே, இந்த மனிசன்ட வாய்!" என்று தலையில் அடித்துக்கொண்டு போனாள். நான் சிரித்தேன். அன்றைக்கு எப்படிச் சிரித்தேன், பாருங்கள்!

முதலில் களிமண்ணில் தலையைச் செய்து பார்த்தேன். பெயர் கடற்பசு அல்லவா? என் கை தன்பாட்டில் இரண்டு பக்கமும் காது வைத்துவிட்டது. அழகான, மடிந்த, பசுவின் காது! இஞ்சினியர் வந்தார். சுற்றிப் பார்த்தார்.

"என்ன பாஸ் இது? கடற்பசுவா, கடல்ல விழுந்த பசுவா?"

சாந்து குழைத்துக்கொண்டிருந்தவர்கள் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். உள்ளே பற்றி எரிந்தது. அகதி மேசனுக்கு இங்குள்ள கடலைப் பற்றி என்ன தெரியும் என்று யாரும் சொல்லவில்லை. எனக்குத்தான் அப்படிக் கேட்டது.

கைபேசியில் படம் பார்த்துச் செய்திருக்கலாமே என்பீர்கள். பார்த்தேன். எல்லாம் கலங்கிய தண்ணீருக்குள் ஒரு சாம்பல் மூட்டை. மேசனுக்குக் கண் பார்த்தால் போதாது, கை பார்க்க வேண்டும். அதனால் பிலிப்பு அண்ணனிடம் போனேன்.

அவர் கண்டக்குழியில் மீன் பிடிக்கிறவர். சொந்தப் படகு, சொந்த வலை. அவர் வீட்டு முற்றத்தில் மாதாவுக்குக் குகைபோல ஒரு கெபி கட்டிக் கொடுத்தது நான்தான். மாதாவைச் சிலாபத்திலிருந்து வாங்கி வந்தார். அன்றே கேட்டார், "பாஸ், கெபிய இவ்வளவு வடிவாக் கட்டினீங்க, மாதாவையும் நீங்களே செஞ்சிருக்கலாமே?"

"உருவம் எங்களுக்கு ஆகாது அண்ணன்" என்றேன். என்ன ஒரு யோக்கியன்!

ஆவுளியாவைப் பற்றிக் கேட்டதும் அவர் முகம் மாறியது. "வலையில பட்டா அறுத்து விட்டிருவம் பாஸ். வச்சிருந்தா மறியல்தான், பிடிச்சு ஜெயில்ல போட்டிருவாங்கள். அதோட, அது பொம்பளப் புள்ள மாதிரி அழும். கேக்க ஏலாது."

"அறுக்க முதல் எனக்கு ஒரு கோல் அடிங்க அண்ணன். பாத்திட்டு விட்டிருவம்."

"பாப்பம்" என்றார்.

அவர் மறக்கவில்லை. ஒரு காலை, பாலாவிச் சந்தியில் நான் சாமான் வாங்கிக்கொண்டு நின்றபோது கைபேசியில் கோல் வந்தது. "பாஸ், உங்கட ஆள் வந்திருக்கிறா! கெதியா வாங்க. கனநேரம் வலைக்க வைக்கேலாது, அறுத்து விடப் போறன்."

"அண்ணன், நான் வாறவரைக்கும் விடாதீங்க!"

"எங்க நிக்கிறீங்க?"

"பக்கத்திலதான். விடாதீங்க அண்ணன். அல்லாவுக்காக விடாதீங்க!"

பாலாவியிலிருந்து கண்டக்குழி பக்கமா? அந்தப் பாதை தெரிந்தவர்களுக்குத் தெரியும், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட வேண்டும். ஆனால் கடவுளின் பெயரைச் சொல்லிக் கேட்டால் பிலிப்பு அண்ணன் மறுக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். அவருடைய கடவுளோ என்னுடைய கடவுளோ, அவருக்கு வித்தியாசம் இல்லை. "சரி பாஸ்" என்றார்.

நான் போய்ச் சேர்ந்தபோது, கடலோடு சேர்ந்த களப்பின் கரையில் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். ஆவுளியாவின் வாலை வலையோடு சேர்த்துப் படகில் கட்டியிருந்தார். முகத்தைச் சுற்றி வலையை அறுத்துவிட்டிருந்தார். ஒரு கையை அதன் தாடைக்குக் கீழே கொடுத்துத் தலையை ஏந்திப் பிடித்திருந்தார். நான் வரும்வரை அப்படியேதான் நின்றிருக்கிறார்.

"களைச்சிட்டா பாஸ். மூச்சு எடுக்க நாமதான் தூக்கிக் குடுக்கணும். கெதியாப் பாருங்க."

பார்த்தேன்... தொட்டேன். கீழ்நோக்கி மடிந்த அந்தப் பெரிய மேல்வாய், அதில் முள்முள்ளாய் மயிர், ஒரு பாக்கு அளவு கண். முகத்தின் உச்சியில் இரண்டு துவாரங்கள் திறந்தன, 'புஸ்' என்று சூடான காற்று என் புறங்கையில் பட்டது. மீண்டும் இறுக மூடிக்கொண்டன. மாட்டுத் தொழுவத்தின் புல் வாசம். நான் மெய்ம்மறந்து போனேன். இது பொய் இல்லை. அந்த நிமிடம் அந்த உயிரின் மேல் எனக்கு அப்படி ஓர் அன்பு வந்தது!

"அளவு எடுத்தாச்சா? விடட்டா பாஸ்?"

"கொஞ்சம் இருங்க அண்ணன்."

அப்போது தொலைவில் ஓர் எஞ்சின் சத்தம். விடுதிக்காரர்கள் வெள்ளைக்காரரை ஏற்றிக்கொண்டு டொல்பின் பார்க்கப் போகும் படகு. எங்களை நோக்கித் திரும்புவது தெரிந்தது. பிலிப்பு அண்ணன் பதறினார். "இஞ்ச வந்தா வீடியோ எடுத்துப் போட்டிருவாங்கள். நான் அங்கால போய்க் கை காட்டித் திருப்பி விடுறன். நீங்க இந்தத் தாடையப் பிடிச்சுக்கொள்ளுங்க. மூக்கு தண்ணிக்கு மேல நிக்கட்டும். அவ்வளவுதான் பாஸ், மூக்க மட்டும் பாத்துக்கொள்ளுங்க."

மூக்கை மட்டும்! என்னை நம்பி அவர் ஒப்படைத்தது அது ஒன்றைத்தான்.

அவர் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு ஓடினார். என் மோட்டார் சைக்கிள் கரையில், நாலு எட்டுத் தூரத்தில் நின்றது. அதில், சிலையின் தலையைத் திருத்துவதற்காக அன்று காலைதான் வாங்கிய களிமண் பொதி இருந்தது. ஈரக் களிமண். பதமான களிமண்.

இனிச் சொல்லப் போவதை இதுவரை யாருக்கும் சொன்னதில்லை. பரீதாவுக்கும் தெரியாது.

அவள் தலையைப் படகின் கயிற்றில் சாய்த்துவிட்டு, ஓடிப்போய்க் களிமண்ணை எடுத்து வந்து தட்டி அப்பம்போல விரித்தேன். அதை அந்த முகத்தில் வைத்து அழுத்தினேன். அச்சு எடுக்க. ஒரு நிமிடம் போதும் என்று நினைத்தேன். தண்ணீருக்குள் அவ்வளவு நேரம் மூச்சடக்குகிற உயிர்தானே, ஒரு நிமிடம் என்ன செய்துவிடும் என்று நினைத்தேன். களைத்துப்போன உயிர் என்பதை நினைக்கவில்லை... நினைக்க விரும்பவில்லை!

முதல் அச்சு எடுக்கும்போது கிழிந்துவிட்டது. அத்தோடு விட்டிருக்கலாம். விட்டேனா? மீண்டும் உருட்டி, மீண்டும் விரித்து, மீண்டும் வைத்தேன். இந்தமுறை அவள் அசைந்தாள். என் உள்ளங்கைக்குக் கீழே அந்த மூக்கு திறக்கப் பார்த்தது. எனக்குத் தெரிந்தது. ஐயோ, எனக்கு நன்றாகத் தெரிந்தது! அசைந்தால் அச்சுக் குழம்பிவிடும். அதனால்...

அதனால் இன்னும் அழுத்திப் பிடித்தேன்.

என்னை எது அப்படிப் பிடித்துவைத்தது? வெறியா? தொழில் பழக்கமா? வார்ப்பு இறுகும்வரை அசையவிடக் கூடாது என்று ஆயிரம் தரம் வேலையாட்களை ஏசிய கை அது. கை தன் வேலையைச் செய்தது என்று சொல்லித் தப்பப் பார்த்திருக்கிறேன். முடியவில்லை. கை என்னுடையதுதானே?

அசைவு நின்றது. நல்லது, அமைதியாகிவிட்டாள் என்று நினைத்தேன். அச்சை மெல்ல உரித்தேன். ஒரு கீறல் இல்லாமல் வந்தது. ஒவ்வொரு மயிரும், ஒவ்வொரு சுருக்கமும் பதிந்திருந்தன. நான் சந்தோஷப்பட்டேன்! கேட்டீர்களா? அதற்குப் பிறகுதான் முகத்தைப் பார்த்தேன்.

மூக்கு திறக்கவில்லை. பார்த்துக்கொண்டே நின்றேன். திறக்கவே இல்லை.

அடுத்து நான் செய்தது கொன்றதைவிட மோசம். அச்சைக் கரையில் ஒளித்து வைத்தேன். திரும்பி வந்து அவள் முகத்தைக் கழுவினேன். வேலை முடிந்து சாந்தகப்பையைக் கழுவுவதுபோல, மயிர் இடுக்குகளில்கூட ஒரு துளி களிமண் இல்லாமல் கழுவினேன். பிறகு தாடைக்குக் கீழே கையைக் கொடுத்து, அவர் சொன்னபடியே, மூக்கைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பிலிப்பு அண்ணன் மூச்சிரைக்க வந்தார். "போயிட்டாங்கள் பாஸ்" என்று சொல்லிக்கொண்டே அவள் தலையில் கை வைத்தார். கை அப்படியே நின்றது.

"பாஸ்... மூச்சு விடுறா இல்லையே!"

"இப்பதான் அண்ணன்... இருந்தாப்போல..."

அவர் சிலுவை அடையாளம் போட்டார். "நான் கட்டி வச்சிட்டன். கனநேரம் கட்டி வச்சிட்டன் பாஸ். என்ட மாதாவே, விட்டிருக்கலாம்..."

அந்த இடத்தில், அந்த நேரத்தில், ஒரே ஒரு வசனம் நான் பேச வேண்டியிருந்தது. நான் பேசியது இதுதான்: "ஓம் அண்ணன், பயத்தில செத்திருக்கும்."

"நீங்க போங்க பாஸ்" என்றார் அவர். "கவர்மென்ட் வேலை கிடைச்சிருக்கிற மனிசன். ரெண்டு பேரு மாட்டிறதில என்ன? நான் இவவ ஆழத்தில கொண்டுபோய் விட்டிட்டு வாறன்."

போனேன். அச்சை ஈரச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, பள்ளம் மேடு பார்த்து, உடையாமல் மெதுவாக ஓட்டிக்கொண்டு போனேன்.

அவரை நடுக் களப்பில் வைத்துக் கடற்படைக்காரர்கள் பிடித்துவிட்டார்கள். செத்த ஆவுளியாவோடு. படகு போனது, வலை போனது, மறியலில் வைத்தார்கள். எல்லாரும் அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். வலையில் பட்டதை அறுத்து விடாமல் ஏன் வாலில் கட்டி வைத்தாய்? அதற்கு உலகத்தில் ஒரே ஒரு பதில்தான் இருந்தது. அந்தப் பதில் என் வீட்டில், பின்பக்கத்தில், சீமெந்து குழைத்துக்கொண்டிருந்தது.

அவர் என் பெயரைச் சொல்லவில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஊர் அதன் பாட்டில் முடிவு கட்டியது: இறைச்சிக்குத்தான் கட்டி வைத்திருக்கிறான்! மாதா கோயிலுக்குப் போனால் வாங்குப் பலகையில் பக்கத்தில் இருக்கிறவர்கள் நகர்ந்து இருந்தார்களாம். அவர் மனைவி செல்வராணி அக்கா என்னிடம் வந்து அழுதார். "அவர் இறைச்சிக்கு வச்சிருக்க மாட்டார் பாஸ். உங்களுக்கு அவரத் தெரியும்தானே?"

"தெரியும் அக்கா" என்றேன். அது உண்மை. உண்மையைச் சொல்லிக்கொண்டே ஒருவன் எவ்வளவு பெரிய பொய்யனாக இருக்கலாம் என்று அன்றுதான் கண்டுகொண்டேன்.

சிலை முடிந்தது. உடம்பை நான் செய்தேன். முகம் அந்த அச்சிலிருந்து வந்தது. இஞ்சினியர் குனிந்து பார்த்தார். "மூக்கில ஓட்டை இல்லையே பாஸ்?"

பதில் தயாராக வந்தது. "தண்ணிக்குள்ள நிக்கிற நேரம் மூக்க மூடிக்கொள்ளும் சேர்."

"அட, அவ்வளவு நுணுக்கமா!" என்று தோளில் தட்டினார். திறப்பு விழாவில் மேடையில் அதையே சொல்லிப் புகழ்ந்தார்கள். உயிரோடு படுத்திருக்கிறது என்றார்கள். எங்கள் மண்ணின் சிற்பி என்றார்கள். அன்று முழுவதும் ஒருவர்கூட என்னை அகதி என்று சொல்லவில்லை. நான் ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. வீட்டுக்கு வந்து பொன்னாடையைச் சுருட்டி அலுமாரிக்கு அடியில் தள்ளினேன்.

பிலிப்பு அண்ணன் இப்போது பிறத்தியார் படகில் கூலிக்குப் போகிறார். நூலகப் பக்கம் வரும்போதெல்லாம் சிலைக்கு முன்னால் நின்று, அதன் முகத்தைத் தடவி, ஏதோ முணுமுணுப்பார். ஒருமுறை பக்கத்தில் நின்று கேட்டுவிட்டேன். "மன்னிச்சுக்கொள்ளம்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஏன் அவரிடமாவது சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள். போனேன்! சொல்லத்தான் போனேன். நான் கட்டிய கெபிக்கு முன்னால் கதிரை போட்டு, தேத்தண்ணி தந்தார். நான் வாயைத் திறக்குமுன் அவர் சொன்னார், "பாஸ், பாதரிட்ட பாவசங்கீர்த்தனம் செஞ்சிட்டன். ஆவுளியாவக் கொன்டது நான்தான் எண்டு சொன்னன். ஆண்டவர் மன்னிச்சிட்டார், போ எண்டிட்டார். கொஞ்சம் பாரம் குறைஞ்சிருக்கு."

இதற்கு மேல் நான் என்ன சொல்வது? என் பாவத்தை அவர் கொண்டுபோய் ஒப்புக்கொடுத்து மன்னிப்பும் வாங்கிவிட்டார். எனக்கென்று அங்கே எதுவும் மிச்சமில்லை. தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்தேன்.

போன மாதம் சிலைக்கு மறுபடி பெயின்ட் அடிக்கக் கூப்பிட்டார்கள். பிலிப்பு அண்ணனும் வந்து நின்றார். தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"பாஸ், ஒரு உதவி. அந்த மூக்க ஒருக்காத் திறந்து விடுங்களன். தண்ணிக்க நிக்கிறா எண்டு எல்லாருக்கும் சொன்னீங்க. எனக்குப் பாக்கிற நேரமெல்லாம் மூச்சு முட்டுது."

மறுக்க எனக்கு என்ன வாய் இருக்கிறது? ட்ரில்லை எடுத்தேன். அவர் குனிந்து, அன்றைக்குப் போலவே, சிலையின் தாடைக்குக் கீழே கையைக் கொடுத்து ஏந்திக்கொண்டார். அசையாத சீமெந்து! அதை ஏந்தி என்ன? ஆனாலும் ஏந்திக்கொண்டார்.

ட்ரில் கத்தியது. அந்தச் சத்தத்துக்குள் நான் சொன்னேன். உண்மையாகவே சொன்னேன், "அண்ணன், நான்தான் கொன்டன்" என்று. என் காதுக்கே கேட்கவில்லை. நிறுத்திவிட்டு இன்னொரு தரம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். நிறுத்தினேன்.

துளை நிறையச் சீமெந்துத் தூள். துளைத்தால் தூளை ஊதி எடுப்பது எங்கள் வழக்கம். யோசிக்காமல் வாயை அந்த மூக்கருகே கொண்டுபோனேன். கொண்டுபோன பிறகுதான் பரீதா சொன்னது ஞாபகம் வந்தது.

ஊதினேன். அடி நெஞ்சிலிருந்து, இருந்த மூச்செல்லாம் சேர்த்து ஊதினேன். தூள் திரும்பி என் முகத்தில் அடித்தது.

"கண்ணில பட்டிட்டா பாஸ்?" பிலிப்பு அண்ணன் தன் தோள் துண்டால் என் கண்ணைத் துடைத்துவிட்டார்.

"ஓம் அண்ணன்."

"பரவாயில்ல. இப்பதான் பாக்க நல்லா இருக்கு. இனி மூச்சு விடுவா."

தாடையை அவர் விடவில்லை. நான் மற்றத் துவாரத்தைத் துளைக்கத் தொடங்கினேன்.